நவம்பர் மாதத்துக் கையெழுத்து

என் வேலையின் சாரம் முழுவதும் ஒரு ரப்பர் ஸ்டாம்பில் இருந்தது. 'மேலே உள்ள கையெழுத்துக்கு மட்டுமே சான்றளிக்கப்படுகிறது. ஆவணத்தில் உள்ள விஷயத்துக்கு இந்த அலுவலகம் பொறுப்பல்ல' என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கும். பிறப்பு, படிப்பு, கல்யாணம், சாவு என எல்லாக் காகிதத்தின் முதுகிலும் அதைத்தான் குத்துவார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் கோபப்பட்டதாக எனக்கு நினைவில்லை. யாரும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் காரணம்.

போன மாதம் பழைய ஏஜென்சிக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது இரண்டு பெண்கள் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, அப்பல்லாம் ஒரு மேரேஜ் சர்டிபிகேட்டுக்கு மாசக்கணக்கா ஆகுமாமே. அப்படி என்னதான் பண்ணுவீங்க?"

நியாயமான கேள்வி. இப்போது பல நாடுகளுக்கு டெல்லியில் ஒட்டித் தரும் ஒரே ஒரு ஸ்டிக்கர் போதும். அப்போஸ்டில் என்று பெயர். இரண்டாயிரத்து ஐந்தில் நம் நாடு அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதற்கு முன் எல்லாக் காகிதமும் படி ஏறித்தான் போக வேண்டும். வளைகுடாவுக்குப் போகிற காகிதம் அதற்குப் பிறகும் பல வருஷம் அப்படித்தான் ஏறியது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. இது அதன் விரிவு.

தொண்ணூற்றொன்றில், நான் புரூஃப் ரீடராக இருந்த தமிழ் நாளிதழ் தன் பெங்களூர் பதிப்பை நிறுத்தியது. ஊர்ச் செய்தியெல்லாம் போட்டவர்கள் அந்தச் செய்தியை மட்டும் போடவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தபோது சிவாஜி நகரில் தேவராஜ் சாரின் ஏஜென்சியில் ஆள் தேவை என்று தெரிந்து போனேன். வெளிநாட்டுக்குப் போகும் காகிதங்களுக்கு அரசு முத்திரை வாங்கித் தருவது அவர் தொழில். நேர்முகத் தேர்வு சின்னது.

"பேப்பர்ல இன்னா வேலைம்மா பார்த்தே?"

"தப்பு கண்டுபிடிக்கிறது சார்."

"இங்கயும் அதேதான். ஆனா கண்டுபிடிச்சா வெளிய சொல்லக் கூடாது."

மறுநாள் சேர்ந்துவிட்டேன். தொழிலின் அடிப்படையை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். காகிதத்தில் முதல் கையெழுத்து நோட்டரியோ பதிவாளரோ போட்டது. அது அவருடையதுதான் என்று மாநில அரசின் ஒரு துறை சொல்லும். மாநில அதிகாரியின் கையெழுத்து அவருடையதுதான் என்று டெல்லி சொல்லும். டெல்லியின் கையெழுத்து டெல்லியுடையதுதான் என்று தூதரகம் சொல்லும். நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். காகிதத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று நால்வரில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார். ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவரை மட்டும் அடையாளம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ஹோட்டல் விலைப்பட்டியல். ஜெராக்ஸ் கடையில் பக்கத்து தர்ஷினி ஹோட்டலின் பட்டியலும் எங்கள் கட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. கோர்ட் வாசலில் உட்காரும் எங்கள் நோட்டரி வழக்கம்போல் தலையைத் தூக்காமல் கட்டு முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செட் தோசை, காரா பாத், கேசரி பாத் எல்லாமே உண்மை நகல் என்று சீல் விழுந்திருந்தது. நான் பதறிப்போய்க் கொண்டுவந்து காட்டினேன். தேவராஜ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"சீல் நேரா விழுந்திருக்கு பாரு. போன வாரம் அந்த நர்ஸ் பொண்ணு சர்டிபிகேட்டுல கோணலாப் போட்டான் பாவி."

அந்தப் பட்டியலை அவர் கிழித்துப் போடவில்லை. சுவரில் ஒட்டினார். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கும்போது, "ஓமன்ல ஹோட்டல் வெக்கிறதுன்னா சொல்லுங்க, ஒண்ணு ரெடியா இருக்கு" என்பார்.

தேவராஜ் சாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தங்கவயல்காரர். சுரங்கத்தின் டைம் ஆபீஸில் இருந்துவிட்டு, சுரங்கம் படுக்கும் முன்பே எழுந்து வந்தவர். அதிகாரிகளிடம் கன்னடம், ஆட்டோக்காரர்களிடம் உருது, டெல்லிக்கு போன் போட்டால் ஆங்கிலம். என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். எந்த வாடிக்கையாளருக்கும் அவர் தேதி சொல்ல மாட்டார். "ஆகும். ஆகாம எங்க போவும்?" என்பார். அதைக் கேட்டவர்கள் வாக்குறுதி கிடைத்தது போலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று அவர்களுக்கு உறைக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் அக்டோபர் கடைசியில் அம்சா வந்தாள். அவளும் தங்கவயல். கல்யாணம் அங்கே புத்த விகாரையில் நடந்து, முறைப்படி பதிவாகியிருந்தது. கணவர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். கம்பெனி குடும்பத்துக்கு வீடு தருகிறது. விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும், அதில் எல்லா முத்திரையும் இருக்க வேண்டும். அம்சா ஆஸ்டின் டவுனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில். டிசம்பர் பாதிக்குள் விமானம் ஏறிவிட வேண்டும், அதற்குமேல் ஏற்ற மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை பிறக்கும்போது அப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"எங்க வூட்டுக்காரருக்கு நான் பொண்டாட்டின்னு தெரியும். எனக்கும் தெரியும். டெல்லிக்கு எதுக்கு சார் தெரியணும்?" என்றாள்.

"டெல்லிக்கு உன்னைத் தெரிய வேணாம்மா. பெங்களூர்ல கையெழுத்துப் போட்டவரைத் தெரிஞ்சா போதும்" என்றார் தேவராஜ் சார்.

பெங்களூரில் கையெழுத்துப் போடுபவர் ஒரு சார்புச் செயலர். அவர் பெயரும் துறையும் வேண்டாம். ஒல்லியான மனிதர், மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட சட்டை. லஞ்சம் வாங்க மாட்டார். காபிகூட வீட்டு பிளாஸ்கில் வரும். நேர்மையான அதிகாரியிடம் வேலை வாங்குவது எவ்வளவு சிரமம் என்று எங்களைப் போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும். மற்றவர்களிடம் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். இவரிடம் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை.

அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்ப்பது ஒரு காட்சி. பியூன் கிருஷ்ணப்பா காகிதத்தைப் புரட்டி, முதுகுப்பக்கம் மேலே வரும்படி வைப்பார். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி, அதைப் பின்பக்கம் செருகாமல் மேசையில் நிறுத்தி வைப்பார். காகிதத்துக்கு மேலே ஒரு முறை காற்றில் போட்டுப் பார்ப்பார். திருப்தி வந்த பிறகுதான் பேனா கீழே இறங்கும். ஆங்கிலக் கையெழுத்து. ஒரு கொக்கி, நீளமாக ஒரு கோடு, கடைசியில் இரண்டு புள்ளி. அதற்கும் அவர் பெயருக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதே கொக்கியும் கோடும் டெல்லியில் மாதிரித் தாளில் இருந்தன. பதவி ஏற்றதும் எல்லா அதிகாரியும் மாதிரிக் கையெழுத்து அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொன்றையும் ஒப்பிடுவார்.

நவம்பர் பிறந்தது. கர்நாடகம் பிறந்த நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ மாதம். அலுவலகக் கட்டடத்தின் நெற்றியில் சிவப்பு மஞ்சள் கொடி, வாசலில் ஆர்கெஸ்ட்ரா. நிர்வாகத்தில் கன்னடம் என்ற வழக்கமான சுற்றறிக்கையும் வந்தது. அலுவலக விழாவில் எங்கள் சார்புச் செயலர் பேசினார். கையெழுத்தைக்கூட அயல்மொழியில் போடுகிறவன் தாய்மொழியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். நல்ல கைதட்டல். மறுநாள் காலை முதல் அவர் கன்னடத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மேடையில் சொன்னதை மறுநாளே செய்த அதிகாரியை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. வினையே அதுதான்.

கையெழுத்து அழகாகவே இருந்தது. உருண்டையாக, ஒவ்வோர் எழுத்தும் நிறைவாக. புரூஃப் ரீடராகச் சொல்கிறேன், அவர் பெயர் என்ன என்பது அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது.

அந்த அழகோடு அம்சாவின் சான்றிதழும் மற்ற கட்டும் டெல்லிக்குப் போயின. எங்கள் டெல்லி ஆள் வரதன், சேலத்துக்காரர், போன் செய்தார்.

"மேடம், கட்டு மொத்தத்தையும் தூக்கிக் கடாசிட்டான். சாம்பிள்ல ஒண்ணு இருக்கு, பேப்பர்ல வேற ஒண்ணு இருக்கு. ஜிலேபி ஜிலேபியா யாரோ சுத்தி வெச்சிருக்காங்க, யாருன்னு கேக்கறான்."

"அது கன்னடம்."

"சொன்னேன் மேடம். அப்ப கன்னட சாம்பிள் எங்கன்னான். நான் என்னத்தச் சொல்ல?"

கன்னட மாதிரியை அனுப்பலாம். அதற்கு ஒரு கோப்பு திறந்து, மேலே போய், ஒப்புதலாகி, டெல்லிக்குப் போய், அங்கே சேர வேண்டும். புது வருஷம் பிறந்துவிடும். பதிவாளரிடம் சான்றிதழின் புது நகல் வாங்கினாலும் பயனில்லை. அதன் முதுகிலும் இதே கைதான் இதே மாதிரி போடும். மிச்சம் ஒரே வழி: பழையபடி ஆங்கிலத்தில் போடுங்கள் என்று அவரிடம் கேட்பது. நவம்பரில்.

எல்லா ஏஜென்சிக்கும் இதே கதி. கட்டடத்துக்கு எதிரே டீக்கடையில் கூடினோம். மலையாளி ஏஜென்ட், தன்னை வெளியூர்க்காரன் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். மங்களூர்க்காரர், தான் வீட்டில் துளு பேசுவது ஏற்கனவே சார்புச் செயலருக்குப் பிடிக்கவில்லை என்றார். எல்லோரும் மாண்டியாவைச் சேர்ந்த கௌடரைப் பார்த்தார்கள். சுத்தமான கன்னடக்காரர் அவர் ஒருவர்தான்.

"நான் கேட்டா துரோகிம்பாங்க. உங்களை என்ன, கெட்டவங்கம்பாங்க. அவ்வளவுதானே? நீங்களே போங்க" என்றார் கௌடர்.

ஏஜென்சிக்குத் திரும்பி தேவராஜ் சாரிடம் சொன்னேன்.

"நீ போம்மா" என்றார்.

"நீங்க போங்க சார்."

"நான் போனா தமிழன்னு தெரிஞ்சுடும்."

"அப்ப நான் என்ன குஜராத்தியா?"

அம்சா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம் தினமும் வந்துகொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் "இன்னாக்கா, எம் பேப்பரு டெல்லியில தூங்குதா, முழிச்சிக்கினு இருக்குதா?" என்பாள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் போவ வேணாம். நான் போறேன். எனக்குத்தான் அவசரம். அக்கா, நீ வழி மட்டும் காட்டு."

போனோம். சார்புச் செயலருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நவம்பரில் மட்டும் தெரியாது. அம்சாவைப் பார்த்ததும், "கூத்கொள்ளிம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். மரியாதையில் குறையே சொல்ல முடியாது. நான் என் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். டெல்லி, மாதிரித் தாள், விமானம், டாக்டர். பொறுமையாகக் கேட்டார்.

"டெல்லிக்குக் கன்னடம் தெரியாவிட்டால் அது டெல்லியின் குறை" என்றார் கன்னடத்தில். "நான் போட்ட கையெழுத்தை நானே அடித்துவிட்டு வேறு போடுவதா? இந்த மாதத்திலா? அடித்துப் போட்டால் மட்டும் டெல்லி ஒத்துக்கொள்ளுமா? திருத்தம் உள்ள காகிதம் செல்லாது என்று அதையும் திருப்பி அனுப்பும்."

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அம்சா எழுந்திருக்கவில்லை. அரைகுறைக் கன்னடமும் தமிழுமாகக் கேட்டாள்:

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"நன்னதே." என்னுடையதுதான்.

"அதை யார் சொன்னா டெல்லி நம்பும்?"

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். விதிமுறை சம்பந்தமான கேள்வி என்றால் அவர் முகம் மாறிவிடும். பசித்தவன் சாப்பாட்டு வாசனை பிடித்தது மாதிரி. "மேலதிகாரி சொல்லலாம். டெபுடி செகரட்டரி. என் கையெழுத்துக்குக் கீழே அவர் சான்று போட்டால் டெல்லி அவரைத்தான் பார்க்கும்."

"அவரு எங்க சார்?"

"ரஜா. மகள் கல்யாணம்."

"அவரு இல்லாதப்ப அவரு வேலைய யாரு சார் பாக்கறது?"

அவர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். கதவோரம் நின்ற கிருஷ்ணப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகப் பணிவாகச் சொன்னார்:

"தாவே, ஸார்."

தாங்களேதான். டெபுடி செகரட்டரி வரும்வரை அந்தப் பொறுப்பும் இவரிடம்தான் இருந்தது. போன வருஷமும் அப்படி இருந்திருக்கிறார். அந்தப் பொறுப்பில் அவர் போட்ட மாதிரிக் கையெழுத்து, ஆங்கிலத்தில், டெல்லியில் பத்திரமாக இருந்தது.

"அந்த நாற்காலி என்னுடையது அல்ல. இன்னொருவருடையது" என்றார் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல. "அங்கே உட்கார்ந்தால் டெல்லிக்குப் போன மாதிரிப்படிதான் போட வேண்டும். என் இஷ்டத்துக்குப் போட முடியாது."

எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அவசரப்பட்டுவிட்டேன். ஏனென்றால் அடுத்து அவர், "கோப்பு முறைப்படி வரட்டும்" என்றார்.

அவர் அறைக்கும் டெபுடி செகரட்டரியின் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. நான்கு எட்டில் போய்விடலாம். கோப்பு அந்தக் கதவு வழியாகப் போகவில்லை. சார்புச் செயலர் குறிப்பு எழுதி, அது பிரிவுக்குப் போய், தட்டச்சாகி, பதிவில் ஏறி, எண் வாங்கி, படி இறங்கி, படி ஏறி, வராந்தா வழியாக அடுத்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவரும் அவர்தான், பெறுபவரும் அவர்தான். நடுவில் ஒரு வாரத்துக்குமேல் அது எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் போய்க் கேட்டபோது, "இன்னும் எனக்கு வரவில்லை" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு வரவில்லைதான்.

கோப்பு வந்த அன்று நாங்கள் இருந்தோம். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்து, நடுக்கதவு வழியாகவே போய், பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். கிருஷ்ணப்பா மணிச்சத்தத்துக்குக் காத்திருந்து, மணி அடித்ததும் உள்ளே போய்க் கோப்பை வைத்தார். அதிகாரி முதல் தடவை பார்ப்பவர்போலக் குறிப்பைப் படித்தார். சான்றிதழைப் புரட்டினார். கன்னடக் கையெழுத்தின்மேல் விரல் வைத்து என்னைப் பார்த்தார்.

"ஈ சைன் யாரது?"

அம்சா என் கையைக் கிள்ளினாள். நான், "அண்டர் செகரட்டரி சாருடையது, சார்" என்றேன். தலையசைத்தார். காற்றில் ஒரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு கொக்கி, கோடு, இரண்டு புள்ளி. அதற்கு மேலே தட்டச்சு செய்திருந்த வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம்: 'மேற்படி சார்புச் செயலரை எனக்கு நேரில் தெரியும்.'

படியிறங்கி வெளியே வந்ததும் அம்சா, "யக்கா, அவரு அவரையே எங்கயாவது ரோட்ல பாத்தா வணக்கம் சொல்லுவாரா?" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கி, மரத்தடியில் உட்கார வேண்டியதாயிற்று.

டெல்லியில் ஒரு கேள்வியும் வரவில்லை. "ஸ்கேல் வெச்சுப் பாத்தான் மேடம், ஓகேன்னுட்டான்" என்றார் வரதன். தூதரகமும் குத்திக் கொடுத்தது. சான்றிதழின் முதுகில் இடமே இல்லாமல் முத்திரைகள். அதை மஸ்கட்டுக்கு அனுப்பி, விசா வந்து சேர்ந்தபோது டிசம்பர் கடைசி. அம்சா டாக்டரிடம் போய்க் கேட்டாள், பிறகு விமானக் கம்பெனியில் கேட்டாள். கவுண்டரில் இருந்த பெண் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஏஜென்சிக்கு வந்து விசாவை மேசைமேல் வைத்தாள்.

"எல்லாம் கரெக்டா இருக்குதுக்கா. ஒரு தப்பும் இல்ல. நான்தான் லேட்டு" என்றாள். தேவராஜ் சார் அன்றைக்கு ஆகும் என்றோ ஆகாது என்றோ ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்க அவரே கீழே போனார்.

ஜனவரியில் பெண் குழந்தை. மஸ்கட்டில் இருந்தவர் போனில் அழுகைச் சத்தத்தைக் கேட்டதோடு சரி. தாயும் குழந்தையும் பிறகு போய்ச் சேர்ந்தார்கள். முடிவை மறைத்து வைப்பது பத்திரிகைப் பழக்கமல்ல, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார்புச் செயலரைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் அநியாயம். அவருடைய கன்னட மாதிரி கடைசியில் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே ஒப்புக்கொண்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் கன்னடத்தில்தான் போட்டார். ஒரு காகிதம்கூடத் திரும்பி வரவில்லை. வரிசையை மாற்றி, மாதிரியை முதலிலும் பேச்சைப் பிறகும் வைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது.

ஆனால் தாயும் குழந்தையும் போவதற்கு முன் இன்னொரு காகிதம் தேவைப்பட்டது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். அதற்கும் அதே படிகள்.

பிப்ரவரியில் அம்சாவும் நானும் மறுபடி அந்த அறைக்குப் போனோம். அவள் தோளில் குழந்தை, இன்னொரு தோளில் பெரிய பை. நான் ஜெராக்ஸை நீட்டினேன். அலுவலகத்துக்கு ஒரு நகல் வேண்டும், அதை அசலோடு வைத்துச் சரிபார்த்த பிறகுதான் அசலின் முதுகில் கையெழுத்து. சார்புச் செயலர் நகலை வாங்கிக்கொண்டார்.

"குழந்தை அங்கேதான் பிறக்கும்னு சொன்னியேம்மா?" என்றார். விசாரிக்கும் குரல்தான். குத்தல் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அம்சா குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"சரி. ஒரிஜினல் எங்கே?"

அசல் பையில் இருந்தது. அவள் பையைத் தொடவில்லை. தோளில் இருந்த குழந்தையை இறக்கி, இரண்டு கையாலும் ஏந்தி, அவர் மேசையில் கோப்புகளுக்கு நடுவே படுக்க வைத்தாள்.

"இதான் சார் ஒரிஜினல். நல்லாப் பாத்துக்குங்க."

கிருஷ்ணப்பா ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார். குழந்தை விழித்துக்கொண்டு, அழாமல், தனக்கு மேலே குனிந்த முகத்தைப் பார்த்தது. சார்புச் செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். குழந்தையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, பழக்கம் விடவில்லை போலும், நகலைக் கையில் எடுத்து, வரிக்கு ஒரு தடவை நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தபடி, கடைசி வரை ஒப்பிட்டார்.